பல்லி வராத அறை

மத்தியானம் இரண்டரை மணிக்குப் பல்லி சொன்னது.

இதில் என்ன அதிசயம், ஸ்ரீவராகத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பல்லி இல்லாத சுவர் உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும். சரோஜத்துக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அடுக்களைத் தரையில் அரிவாள்மணையை மிதித்து உட்கார்ந்து தடியங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே இடவப்பாதி மழை ஓட்டின்மேல் அரிசி கொட்டுகிற மாதிரி ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, காயாத துணிகளின் புளிப்பு வாடையும் நாலு வருஷமாகச் சுவரில் ஊறிப்போன டெட்டால் வாடையும் வீடு முழுக்க நின்றது. சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் விரலை மடக்கித் தரையில் தட்டினாள். “கிருஷ்ணா, கிருஷ்ணா.” மூன்றாவது தட்டுக்குப் போன கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

சத்தம் வந்தது நவமியின் அறையிலிருந்து.

அந்த அறைக்குள் பல்லி வராது. பல்லி என்ன, எறும்பு நுழையாது. பிள்ளையின் கழுத்தில் துளை போட்டு, டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோதே ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்: தூசி ஆகாது, பூச்சி ஆகாது, கிருமி ஏறினால் பிள்ளை தாங்காது. தம்பி தாணுமாலையன் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் தன் ஹார்டுவேர் கடையிலிருந்து கம்பிவலை கொண்டுவந்து ஜன்னலை அடைத்தான். ஓட்டுக்குக் கீழே பிளைவுட் பலகை அடித்தான். கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்தான். மிச்சமிருந்த இடுக்கு, கீறல், விளிம்பு எல்லாவற்றிலும் பிரவுன் டேப் ஒட்டியது வேறு யாருமல்ல, சரோஜமேதான். ஸ்டூலில் ஏறி நின்று இரண்டு நாள் ஒட்டினாள். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் அங்கே ஒரு பல்லியை யாரும் கண்டதில்லை.

நவமி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ட்ச், ட்ச். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ட்ச், ட்ச்.

சரோஜம் தாணுமாலையனுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழக் கொடுத்துவைக்காமல் திரும்பி வந்தவள். வயது ஐம்பத்தாறு. இந்த வீட்டை விட்டால் அவளுக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கதி. தம்பிக்கு ஒரே பிள்ளை நவமி, பிறவியிலேயே தசைக்கு வலு இல்லாத நோய். ஏழு வயதிலும் கழுத்து நிற்கவில்லை, கால் தரையில் ஊன்றியதில்லை. டியூப் போட்ட பிறகு குரலும் போயிற்று. நாக்கு மட்டும் அசையும். அந்த நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கி அவளே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டாள். ஒரு சொடுக்கு என்றால், என்னைப் பாரு. இரண்டு சொடுக்கு என்றால், சளி அடைக்குது, எடு. இரண்டு சொடுக்கு கேட்டால் அவள் அம்மை பாகீரதி எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவருவாள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, உறை மாட்டி, சக்‌ஷன் மிஷினைப் போட்டு, மெல்லிய குழாயைக் கழுத்துத் துளைக்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பாள். இரவும் பகலுமாக இதுதான் அந்த வீட்டின் கடிகாரம்.

பிள்ளை செத்த அன்று வீட்டில் இருந்தவள் சரோஜம் மட்டும். “பல்லின்னு நெனச்சேன் தாணு,” என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். “பல்லி சொல்லுகாக்கும்னு நெனச்சு, கிருஷ்ணான்னு தட்டிட்டு இருந்துட்டேனே, பாவி!” தம்பி அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். வந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். பாகீரதி மட்டும் அழாமல் அவளை ஒரு தடவை பார்த்தாள்.

தடியங்காயைப் போட்டுவிட்டு எழுந்து போய் அறைக்கதவைத் தள்ளினாள். கட்டிலில் புது விரிப்பு. தலையணையில் ஒரு சுருக்கம் இல்லை. சக்‌ஷன் மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையே இல்லாத அறையில் பாகீரதி அதைத் தினமும் சார்ஜ் போடுகிறாள், குழாயைத் தினமும் வெந்நீரில் கழுவுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. சுவர், மூலை, பலகை, டேப் எல்லாம் பார்த்தாள். ஒரு ஈ கூட இல்லை.

“என்ன மைனி பாக்குதியோ?”

பாகீரதி பின்னால் நின்றாள். வந்த அரவமே இல்லை.

“ஒண்ணுமில்ல. பல்லி சத்தம் கேட்டுது.”

“இந்த ரூம்லயா?”

பாலுக்குச் சீனி போடவா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். “ஆமா” என்றாள் சரோஜம். வேறு என்ன சொல்ல முடியும்?

“அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது செரிதான், அல்லே?” என்றாள் பாகீரதி. “கூடத்துல ஒங்க படுக்கை பக்கம் ஒழுகுது. இனி இங்கயே கெடந்துக்கிடுங்கோ. கட்டில் சும்மாத்தானே கெடக்கு.”

அன்றைக்கே பாயையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். தம்பியிடம் முறையிடலாம் என்றால் அவன் கடையே கதி என்று கிடந்தான். வீட்டுக்குள் வர அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒண்டவந்தவள் படுக்கிற இடத்துக்கு வழக்கா பேசுவாள்? சரோஜம் கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் விரித்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி துக்கம் விசாரிக்க வந்தாள். சொந்த ஊருக்குப் போயிருந்தவள், இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். அவளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சரோஜமும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. பல்லி வடக்கு மூலையில் சொன்னதாகவும், தெற்கே சொன்னால்தானே துக்கம் என்று தான் நினைத்ததாகவும் சேர்த்தாள்.

“நீங்க என்னக்கா செய்ய முடியும்? பெத்தவளுக்கு மேல அந்தப் பிள்ளையப் பாத்துக்கிட்டியோ,” என்று கலைச்செல்வி கண்ணைத் துடைத்தாள்.

“ஆமா கேட்டியா. பல்லின்னுதான்...” என்று தொடங்கிய சரோஜத்துக்குத் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. செருமினாள். போகவில்லை. இருமினாள். பசை போல, நூல் போல, இறங்காமல் ஏறாமல் அங்கேயே தொங்கியது. “மழைக்காலமாக்கும், ஒண்ணும் சாரமில்ல. சுக்குவெள்ளம் குடியுங்கோ,” என்று சொல்லிவிட்டுக் கலைச்செல்வி போனாள்.

சுக்கு வெந்நீர் குடித்தாள், மிளகு கடித்தாள், ஆவி பிடித்தாள். சளி கூடியதே ஒழியக் குறையவில்லை. அதிலும் ஒரு கணக்கு இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். பால்காரனிடம் அந்தக் கதையைச் சொன்ன அன்று ஒரு படி ஏறியது. தம்பி கேட்காமலே அவனிடம் மறுபடி சொல்லி அழுத அன்று இன்னொரு படி ஏறியது. மூச்சு விடும்போது உள்ளே கொழகொழவென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் கேட்ட சத்தம்.

டாக்டர் முதுகில் குழல் வைத்துப் பார்த்தார். “நெஞ்சு க்ளியராக்கும் அம்மா. ஒண்ணும் இல்ல” என்றார். வைத்த குழலை எடுத்துத் துடைத்துக்கொண்டே வேறு ஆளைக் கூப்பிட்டார்.

ட்ச், ட்ச் தினமும் வந்தது. இரண்டரை மணிக்கு, மழை கொஞ்சம் தணியும் நேரம் பார்த்து. சில நாள் கட்டில் பக்கம், சில நாள் அவள் பாயின் தலைமாட்டில். பாகீரதிதான் கதவுக்குப் பின்னால் நின்று நாக்கைச் சொடுக்குகிறாள் என்று ஒரு நாள் சரோஜத்துக்குத் தோன்றியது. தோன்றியதும் என்ன நிம்மதி! ஊமைக்குசும்பு பிடித்தவள், செய்யக்கூடியவள்தான். சத்தம் வந்த நொடியில் பாய்ந்து கதவைத் திறந்தாள். பாகீரதி முற்றத்துக் கொடியருகில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், இருபது அடி தள்ளி. வாய் மூடியிருந்தது. சரோஜத்தின் முதுகுக்குப் பின்னால், அறைக்குள், சத்தம் நிதானமாகத் தொடர்ந்தது.

பிள்ளை செத்த அன்றைக்கு நடந்தது இதுதான், அவளுக்குத் தெரியாதா?

காலையில் பிள்ளைக்குக் கைகால் நீவிவிட வரும் லிபி வந்திருந்தாள். அவள் எதிரில் பாகீரதி சொன்னாள்: “மைனி, பிள்ளையத் தொடாதீங்கோ. ஒங்க கைக்குச் சுத்தம் போராது. எத்தன தடவ சொல்லுகது?” லிபி சிரித்துவிட்டாள். நாலு வருஷம் மூத்திரத்துணி அலசின கை அது. அந்தச் சிரிப்பு சரோஜத்தின் நெஞ்சில் கங்கு மாதிரி விழுந்து கனன்றது. பிள்ளையின் ஊனமுற்றோர் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று பாகீரதி ஆபீசுக்குக் கிளம்பினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாசல் தாண்டியது அன்றுதான். “ரெண்டு மணிக்கூறுல வந்துருவேன். கொஞ்சம் பாத்துக்கிடுங்கோ மைனி,” என்று போகிற போக்கில் சொன்னாள். அப்போது மட்டும் மைனி கை சுத்தமாகிவிட்டதாக்கும்.

இரண்டரை மணிக்குச் சரோஜம் சோற்றில் கை வைத்தாள். ட்ச், ட்ச். கேட்டது. நன்றாகக் கேட்டது. பல்லி என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. எழுந்து, கை கழுவி, உறை மாட்டி... எதற்கு? அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னாள்: “கெட. ஒன் அம்மை வந்து எடுப்பா. அவ கைதானே சுத்தம்.”

பிள்ளைக்கு அது கேட்டது.

சொடுக்கு வேகமாயிற்று. சரோஜம் மோர் விட்டுப் பிசைந்தாள். பிள்ளை கொஞ்சம் திணறட்டும், தாய்க்காரி வந்து பதறட்டும், என் அருமை தெரியட்டும், அவ்வளவுதான் நினைத்தாள். சாகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஊறுகாயை நக்கிக்கொண்டாள். சொடுக்கு தளர்ந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று வந்தது. ஒற்றைச் சொடுக்கு.

என்னைப் பாரு.

அவள் பார்க்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? பத்து நாள் மூச்சுக்குத் தவித்த பிறகு அதற்கு ஒரு யோசனை உதித்தது. அறைக்குள் ஒரு பல்லி இருந்துவிட்டால்? இருந்துவிட்டால் அவள் சொன்னது மெய்யாகிவிடும். பாகீரதியின் பார்வை தாழும். தொண்டையும் ஒருவேளை தெளியும். பாகீரதி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுக்களையில் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பல்லியை எவர்சில்வர் தம்ளரால் கவிழ்த்துப் பிடித்தாள். காலண்டர் தாளை அடியில் சொருகி, அறைக்குக் கொண்டுவந்து சுவரில் விட்டாள். அது பாதிச் சுவர் ஏறியது. நின்றது. தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தது. பிறகு வந்த வழியே இறங்கிக் கதவடிக்கு ஓடி, ரப்பர் பட்டையில் முட்டி முட்டித் திரும்பியது. வெளியே போக இடுக்கு இல்லை. சரோஜம் ஒட்டிய டேப் அவ்வளவு நேர்த்தி.

மறுநாள் மத்தியானம் கரண்டு போயிருந்தது. மேகம் ஓட்டைத் தொடுகிற மாதிரி இறங்கி, அறைக்குள் அந்தி வெளிச்சம்தான் இருந்தது. சரோஜம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. பாகீரதி வந்து எதிரில் உட்கார்ந்து, கையிலிருந்த காலண்டர் தாளை விரித்தாள். பல்லி மல்லாந்து செத்திருந்தது. வால் இல்லை. மறு கையைத் திறந்தாள். அதில் வால் இருந்தது.

“பல்லி கட்டிலுக்கு அடியில கெடந்துது. வாலு அடுக்களையில, அரிசிப்பானைக்குப் பொறத்த,” என்றாள். “எப்படி மைனி?”

சரோஜம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஒண்ணு சொன்ன ஒடனே பல்லி சொன்னா அது சத்தியம்னு சொல்லுவாங்கள்லா? சொல்லுங்கோ. அன்னைக்கு எம் பிள்ள கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுதா, கேக்கலியா?”

“கேக்கல.”

மழை. வேறு ஒன்றும் இல்லை. தொண்டையில் ஒரு படி ஏறியது.

“கண்ணசந்துட்டேன் பாகீரதி.”

ஒன்றும் இல்லை. இன்னொரு படி.

“பல்லின்னு... நெனச்சேன்.”

மூச்சு சீழ்க்கை அடித்தது. கண்ணில் நீர் முட்டியது. பாகீரதி காத்திருந்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழகியவளுக்குப் பொறுமை சொல்லியா தர வேண்டும்? சரோஜம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கடைசியில் சொன்னாள்.

“கேட்டேன்.”

ட்ச், ட்ச்.

தலையணையிலிருந்து. பாகீரதியின் உதடு அசையவில்லை.

“கேட்டேன் பாகீரதி, தெரிஞ்சேதான் இருந்தேன், எனக்கு ஒம்மேல உள்ள கோவம், சாவும்னு நெனைக்கல, மன்னிச்சிரு...” என்று வந்தது வார்த்தை, கொழகொழவென்று. வந்த வேகத்திலேயே நின்றும் போயிற்று. அதற்குமேல் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

பாகீரதி ஆச்சரியப்படவில்லை. தாளை மடித்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “போன ரெண்டாம் நாளே எம் பிள்ள எங்கிட்ட வந்து சொல்லிட்டா. ஒங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.”

எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. கூடத்தின் நடுவில் கிடந்த முக்காலியில், அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொன்னால் தெளியும் என்றுதானே சரோஜம் நினைத்தாள்? தெளியவில்லை. ஏறியது. நெஞ்சுக்குழி, தொண்டை, அண்ணம். கையால் தொண்டையைப் பிடித்தாள். தவழ்ந்தாள். மிஷின். பச்சை விளக்கு. பாகீரதி தினமும் சார்ஜ் போட்ட மிஷின். பொத்தானை அமுக்கினாள். உறுமியது. குழாயை எடுத்தாள், நுனி ஆடியது. எங்கே விடுவது? வாயில் விட்டாள். குமட்டியது. எட்டவில்லை. கழுத்தில் தடவினாள். முழுத் தோல். அவளுக்குத்தான் துளை இல்லையே.

கட்டில் விளிம்பைப் பிடித்து ஏறினாள். விழுந்தாள். விரிப்பு குளிர்ந்திருந்தது. கை எழவில்லை. கால் எழவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வாசல் பக்கம். கூடம் தெரிந்தது. முதுகு தெரிந்தது. கூப்பிடக் குரல் இல்லை.

நாக்கு மட்டும் அசைந்தது.

ட்ச், ட்ச்.

கூடத்தில் பாகீரதியின் முதுகு நிமிர்ந்தது. நாலு வருஷம் அந்தச் சத்தத்துக்கு அடித்துப் பிடித்து ஓடிவந்த உடம்பு. மனதைக் கேட்காமலே எழுந்துவிட்டது. பாதி எழுந்து, கை தன்னால் சோப்புப்பெட்டி இருக்கும் பக்கம் நீண்டது.

வருகிறாள். அம்மா, வருகிறாள்.

அப்போது பாகீரதியின் தோளில் ஒரு கை விழுந்தது.

சின்னக் கை. முக்காலிக்குப் பின்னால், சரோஜத்துக்கும் பாகீரதிக்கும் நடுவில், நவமி நின்றுகொண்டிருந்தாள். ஏழு வருஷத்தில் ஒரு நிமிஷம் ஊன்றியறியாத கால்களில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து நேராக இருந்தது. அதன் நடுவில் துளை திறந்திருந்தது. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. முகம் முழுக்க அத்தையின் பக்கம் திரும்பியிருந்தது, இமைக்கவில்லை. கை மட்டும் அம்மையின் தோளைக் கீழ்நோக்கி அமுக்கியது, மெல்ல, நீ இரு என்பது போல.

பாகீரதி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அந்தக் கையின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.